ஆறு எம்.எம். துளை

நாற்பத்தொரு துளை.
எண்ணித்தான் காசு.
துளைக்கு முப்பது ரூபாய்,
பிளக்கும் திருகும் என் கணக்கு,
தூசிக்கு யாரும் தருவதில்லை.

ஆழ்வார்பேட்டையில் இரண்டாவது மாடி.
காபிக் கடை என்றால் தாரிணி மேடம் முகம் சுளிப்பார்,
கஃபே.
தரையில் பழைய பேப்பர் விரித்து
ஒரு சமையலறையையே கவிழ்த்து வைத்திருந்தார்:
காபிக்கொட்டை அரைக்கும் கைமெஷின்,
பல்சக்கரம் தேய்ந்த முட்டை அடிப்பான்,
மாவே படாததுபோல் மினுக்கிய முறுக்கு உழக்கு,
பித்தளை பம்ப் ஸ்டவ் இரண்டு.
பிறகு டப்பாக்கள்.
பால்மாவு, பிஸ்கட்,
மூடியில் பாதி ராணி மட்டும் மிச்சமிருக்கும் சாக்லேட்.

அருவாமனைக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.
அலகு வெளியே நீட்டியபடி
தலை உயரத்தில் வேண்டுமாம்.
"சர்வர் பையன் நிமிர்ந்தா காது போயிடும் மேடம்."
அலகைக் கழற்றிவிட்டுப் பலகையை மாட்டினோம்.
அது என்னவென்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

பம்ப் ஸ்டவ் கையில் வந்ததும்
எபினேசர், பழக்கதோஷம்,
நாலு தரம் பம்ப் அடித்துப் பார்த்தான்.
காற்று நிற்கவில்லை.
"ஒரு லெதர் வாஷர் போட்டா எரியும் மேடம்."
"ஐயோ, எரியவே கூடாது."

கடைசியாக அந்த டப்பா.
கைக்குள் அடங்கும்.
சுற்றியிருந்த காகிதம் கிழிந்து
எந்த ஊர் எழுத்தோ பாதி,
மீனா பழமா என்று சொல்லாத
நீலப் படம் ஒரு துண்டு.
பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் எண்ணூறு ரூபாயாம்.
மற்றதெல்லாம் காலி,
இது மட்டும் திறக்காதது.
காதருகே குலுக்கினேன்.
உள்ளே ஏதோ
புரண்டு படுத்தது.

"இதுதான் நடுவில்.
எல்லார் கண்ணும் இதுல படணும்."
ரசமட்டம் வைத்து
குமிழி நடுவில் நிற்கும்வரை பொறுத்து
இரும்பு வளையத்தில் உட்காரவைத்தேன்.
ஹாலோ பிளாக் சுவர்
எத்தனை கிலோ தாங்கும் என்று எனக்குத் தெரியும்.
டப்பா எத்தனை வருஷம் தாங்கும் என்று
எனக்கு எப்படித் தெரியும்?

கத்திரி வெயில் பத்தாம் நாள் போன்.
"டப்பா குண்டாயிடுச்சு, உடனே வாங்க."
மேற்குச் சுவர், பின்னால் நாளெல்லாம் வெயில்.
தட்டையாய் இருந்த மூடி
வயிறு தள்ளி
வளையத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது.
நேர் கீழே ஒரு ஜோடி
கண்ணாடி ஜாடியில் வந்த தயிர்சாதத்தைப்
போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

ஈரத்துணியில் சுற்றி
எபினேசர் மடியில் கொடுத்து
பைக்கை எடுத்தேன்.
நிறைமாசக்காரியை ஏற்றியதுபோல்
காசிமேடு வரை இருபதைத் தாண்டவில்லை.
ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும்
"அண்ணே, மெதுவா, மெதுவா."
பாரிமுனை சிக்னலில் போலீஸ்காரர்
துணியைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
போகச்சொன்னார்.

கிழிந்த வலைகள் கிடக்கும் பக்கம்
குழி பறித்து உள்ளே வைத்து
எட்ட நின்று நீளக் கம்பியால் குத்தினோம்.
விசில் மாதிரி ஒரு சத்தம்
விடாமல், வெகுநேரம்.
யார் எந்த ஊரில் எப்போது அடைத்த காற்றோ.
அப்புறம் நாற்றம்.
இரண்டு பூனைகள் ஓடி வந்தன.
மோந்தன.
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு
நடந்தே திரும்பின.

எபினேசர் மீன் என்கிறான்.
மீனென்றால் பூனை விடுமா என்கிறேன் நான்.
இந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.

மறுநாள் புட்டியோடு போனேன், துளையை அடைக்க.
"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.
அங்க என்ன இருந்துச்சுன்னு
எல்லாரும் கேக்குறாங்க."
வெறும் வளையத்துக்குக் கீழே
சின்ன விளக்கு ஒன்று மாட்டச் சொன்னார்.
இரண்டு துளை, அறுபது ரூபாய்.
நேற்றைக்கு எவ்வளவு என்றார்.
கழற்றுவதற்கு என்னிடம் ரேட் கிடையாது.

காபி கொடுத்தார்கள்.
குடிக்கும்போது எபினேசர்
ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தான்.
லெதர் வாஷர் பாரிமுனையில் இன்னும் கிடைக்கிறதாம்.
பத்து ரூபாய்.
விசாரித்து வைத்திருக்கிறான்.